பூஜ்யத்தைப் பிடிப்பவன்

எல் ஆல்டோவில் காலை எட்டு மணிக்கே
கண் கூசும் வெயில், விரல் விறைக்கும் குளிர்.
கீழே பசிலியா லருட்டா.
மூன்று மீட்டர் மேலே சாரத்தில்
ஃபெர்மின் சோக்கே.
நடுவில் செங்கல், ஆறு துளை வைத்தது.
நான் எண்ணுபவள்.
நூற்றுக்கு ஒரு கோடு, சிமெண்டுப் பைக் காகிதத்தில்.
இரவில் பொறியியல் வகுப்பு, பகலில் கோடுகள்.

முழங்கால் மடங்கி, இடுப்பு எழுந்து,
கடைசியில்தான் அவள் கைக்குச் சேதி போகும்.
புறப்படும்போது செங்கல் அவசரக்காரன்.
பாதி நேரத்திலேயே முக்கால் தூரம் ஏறிவிடும்.
மிச்சக் கால் தூரத்துக்கு
மிச்சப் பாதி நேரத்தையும் செலவழிக்கும்.
பிறகு
ஏறுவதை விட்டு, இறங்கத் தொடங்காமல்,
ஒரு கணத்தின் ஓரத்தில் நிற்கும்.
அங்கேதான் ஃபெர்மினின் கையுறை.
யாரோ காற்றில் பலகை அடித்து
வைத்துவிட்டுப் போனதை
எடுத்துக்கொள்வான்.

உச்சியில் வேகம் பூஜ்யம் என்றால்
புறப்பட்ட வேகத்தின் வர்க்கம்
ஈர்ப்பு, உயரம், ஒரு இரண்டு, இவற்றின் பெருக்கல்.
மலைமேல் ஊர், ஈர்ப்பிலும் ஒரு நூல் குறைவு:
ஒன்பது புள்ளி ஏழு எட்டு.
மூலம் எடுத்தேன்.
நொடிக்கு ஏழு புள்ளி ஆறு ஆறு மீட்டர்.
பசிலியாவிடம் காட்டினேன்.
"இதில் என் கூலி எங்கே இருக்கிறது?" என்றாள்.

கூலி அல்ல, கடன்தான் விஷயம்.
கார்னிவலுக்கு முன் ஃபெர்மின் வாங்கிய
அறுநூறு பொலிவியானோ.
மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சில்லை.
செங்கல் மட்டும் போய்க்கொண்டிருந்தது,
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு முறை.

வியாழக்கிழமை அவன் புதுக் காலணியோடு வந்தான்.

அன்று முதல் செங்கல்லிலேயே சத்தம் வேறு.
கையுறையில் 'தொப்' என்று விழுந்தது.
அடுத்தது இன்னும் பலமாக.
கீழே அவள் கூட்டியது கொஞ்சம்தான்,
நொடிக்கு ஒரு மீட்டர் இருக்கும்.
பார்த்தால் அதே கை, அதே இடுப்பு.
கணக்குப் போட்டேன், நம்பாமல் மறுபடி போட்டேன்:
கீழே ஒன்று கூடினால்
மேலே பூஜ்யம் இருந்த இடத்தில் நான்கு.
வர்க்கம் செய்கிற வேலை இது.
கோபக்காரிக்குத் தெரியாது
தன் கோபம் போய்ச் சேரும்போது எவ்வளவு என்று.
அதே ஒன்றைக் குறைத்திருந்தாலோ
முக்கால் மீட்டர் எட்டாமல்
அவள் தலையைத் தேடித் திரும்பியிருக்கும்,
புறப்பட்ட வேகத்தை
ஒரு காசு குறையாமல் எடுத்துக்கொண்டு.

நாற்பதாவது செங்கல்லில் அவன் கையுறை கிழிந்தது.
கத்துவான் என்று நினைத்தேன்.
சாரத்தில் உட்கார்ந்து
காலணியைக் கழற்றினான்,
உள்ளிருந்து எதையோ உருவி
கிழிந்த கையுறைக்குள் திணித்து
எறியவில்லை, விட்டான்.

சும்மா விட்டதும் மூன்று மீட்டர் வந்தால்
அதே ஏழு புள்ளி ஆறு ஆறு.
வந்திருக்க வேண்டும்.
"காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்" என்று
பாடப் புத்தகம் எழுதியது எந்த ஊரில் உட்கார்ந்தோ!
இல்லிமானிப் பக்கமிருந்து வந்த காற்று
கையுறையைத் தூக்கி, புரட்டி, ஒரு சுற்றுச் சுற்றி
கலவைத் தொட்டியில் போட்டது.

பசிலியா முழங்கை வரை விட்டு எடுத்தாள்.
துடைத்தாள். எண்ணினாள்.
இருநூறு.
மேலே பார்த்தாள்.
அவன் வெறுங்கையோடு குனிந்து நின்றான்,
உள்ளங்கை இரண்டும் சிவந்து.

நாற்பத்தொன்றாவது செங்கல்
போன இடத்தில் நின்றது.
சத்தமே இல்லை.
நான் கோடு போட மறந்துவிட்டேன்,
அன்றைய கணக்கில் ஒன்று குறையும்.

மாலையில் அவளிடம் சொன்னேன்:
நாளை அடுத்த தளம், ஆறு மீட்டர்.
உயரம் இருமடங்கு என்பதால்
வேகமும் இருமடங்கு வேண்டாம்,
பத்து புள்ளி எட்டு மூன்று போதும்.

கையிலிருந்த கலவையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:
"நாளைக்குக் கப்பி வருகிறது, பெண்ணே."